தொடராகப் படித்தவரும் புத்தகமாகப் படித்தவரும்

நாவல் படிக்கும் நாலு பேர் கூடிப் பேசினால் சில தீர்ப்புகள் தவறாமல் வந்து விழும். கல்கி கதையை நடுவழியில் நிறுத்திவிட்டு சரித்திரப் பாடம் எடுக்கப் போய்விடுவார். சாண்டில்யன் கதாநாயகியை இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டுத்தான் அவளை வாய் திறக்கவே விடுவார். சுஜாதா பிரமாதமாகத் தொடங்குவார், முடிக்கும்போது மட்டும் அவருக்கு எங்கேயோ போகவேண்டிய அவசரம். ராஜேஷ்குமாரை எடுத்தால் கீழே வைக்க முடியாது, ஆனால் மறுவாரம் கதையைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ரமணிசந்திரன் ஒரே கதையை வேறு வேறு பெயர்களில் எழுதுகிறார். இப்படிச் சொல்பவர்கள் இந்த எழுத்தாளர்களை வெறுப்பவர்கள் அல்ல. பெரும்பாலும் ஒன்றுவிடாமல் தேடிப் படித்தவர்கள்தான் இந்தக் குறைகளையும் சொல்கிறார்கள். அதனாலேயே இவற்றைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. கதை எந்த இடத்தில் தங்களைப் பிடித்தது, எங்கே நழுவவிட்டது என்பதை அவர்கள் ஏறக்குறையச் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் இடிக்கிறது. எல்லாவற்றையும் எழுத்தாளரின் சுபாவத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். அந்தக் குறைகளிலும் நிறைகளிலும் பெரும்பகுதி, கதை எதில் வெளிவந்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது, ஒரு தடவைக்கு எத்தனை பக்கம் கிடைத்தது என்பதில் இருக்கிறது. வெகுஜன நாவலைப் பற்றிய ஒரு கருத்தை எடைபோடும் முன், சொன்னவர் அதை வாரத் தொடராகப் படித்தாரா, மாத நாவலாகப் படித்தாரா, கெட்டி அட்டைப் புத்தகமாகப் படித்தாரா என்று கேட்டாக வேண்டும்.

'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்வோம். கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். மூன்றரை ஆண்டுக்கும் சற்றே அதிகமான இந்தக் காலத்தை வாரங்களாக வகுத்தால் சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் வருகிறது. கதைக்குள்ளே ஓடும் காலமோ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது வந்தியத்தேவன் ஒரே நாளில் செய்யும் காரியத்தை வாசகர் பல வாரம் காத்திருந்து படித்திருக்கிறார். அப்படிப் படித்தவருக்கு, முன்பு நடந்ததை அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டு வரியில் நினைவூட்டுவது தேவையாக இருந்தது. ஆழ்வார்க்கடியான் வீரசைவரோடு வாதிடுவதும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைப் பற்றிய செய்திகளும் அந்த வாரத்து இதழில் ஒரு தனிச் சுவையாக இருந்திருக்கும். இன்றைக்குப் புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகங்களையும் கட்டாக வாங்கி, கோடை விடுமுறையில் ஒரே மூச்சில் படிப்பவருக்கு அதே நினைவூட்டல் கூறியது கூறலாகத் தெரிகிறது; அதே வரலாற்றுச் செய்தி கதைக்குக் குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அலறலிலோ, இருட்டில் தெரியும் ஓர் உருவத்திலோ முடிவது வாரத்துக்கொருமுறை என்றால் ருசி. ஒரே மாலையில் இருபது முறை என்றால் தந்திரம் வெளுத்துவிடும். நாவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இதைக் கல்கியே உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்த நாவலின் முடிவுரை சான்று. தொடர் முடிந்ததும், கதை திடீரென்று நின்றுவிட்டது, பல பாத்திரங்களின் கதி தெரியவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் அவர் முடிவுரை எழுதினார். முழுக் கற்பனைக் கதையை வேண்டிய இடத்தில் நிறைவாக முடித்துவிடலாம், வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட கதைக்கு அந்த வசதி இல்லை என்று வாதாடியதோடு, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சுருக்கமாக விளக்கமும் கொடுத்தார். எழுதியவரே வாசகரிடம் இப்படிக் கணக்கு ஒப்பிக்கவேண்டிய நிலை ஏன் வந்தது? மூன்றரை ஆண்டு ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்துபோன ஆட்கள், ஒரு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் நின்றுவிட்டார்கள். புத்தகத்தில் படிப்பவருக்கு வலக்கைப் பக்கத்தில் தாள்கள் குறைந்துகொண்டே வருவது முடிவு நெருங்குவதைச் சொல்லிவிடும். தொடர் வாசகருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்றுவரை வாசகர்களுக்குள் ஓயாமல் ஓடுகிறது. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்று குறிப்பிட்டாலும், அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில் வரலாற்று ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. கல்கி அந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டது வரலாற்றுக்கு நேர்மையான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் அன்றைய வாசகர் கேட்டதும் நியாயம்தான். பின்னாளில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அந்தக் கதையின் தொடர்ச்சியை எழுதியது அந்தக் கேள்விகள் அடங்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

வார இதழ் வாசகரின் கருத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. புத்தகம் படித்தவர் கருத்துச் சொல்லும்போது எழுத்தாளர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். தொடர் படிப்பவர் கருத்துச் சொல்லும்போது கதை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும், அல்லது அடுத்த கதைக்கான இடம் அதே இதழில் காத்திருக்கும். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் அந்தத் தாயை ஏற்றவர்களும் ஏசியவர்களுமாக வாசகர்கள் இரண்டுபட்டார்கள். அந்தச் சர்ச்சையை ஜெயகாந்தன் வீணாக்கவில்லை. தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து, தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தொடராக எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். கதைக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் வந்து, அவர் எழுதிய சிறுகதையே கதாநாயகி கங்காவின் வாழ்க்கையில் குறுக்கிடுவது, வாசகர் கருத்து நாவலின் உடம்புக்குள் புகுந்துவிட்டதற்கு அப்பட்டமான உதாரணம். இதன் மறுபக்கம் அவ்வளவு மகிழ்ச்சியானது அல்ல. சுஜாதா குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடரைத் தொடங்கியபோது, தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று ஒரு பிரிவினர் கிளப்பிய எதிர்ப்பில் அது பாதியில் நின்றது; 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட அந்தக் கதை பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு உருவில் வந்தது. முழுக் கதையும் வெளிவராத நிலையில், சில அத்தியாயங்களை வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு அது. தொடர் என்ற வடிவம் வாசகர் கையில் கொடுக்கும் அதிகாரம் இருபுறமும் வெட்டும்.

சாண்டில்யனைப் பற்றிய புகாரும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 'யவன ராணி', 'கடல் புறா' போன்ற கதைகள் குமுதத்தில் தொடர்களாக வந்தவை. 'கடல் புறா' மூன்று பெரிய பாகங்கள். பக்கத்துக்குப் பக்கம் லதாவின் ஓவியம் இருந்தது. காஞ்சனாதேவியின் தோற்றத்தை எழுத்தில் படித்த வாசகர் அதே மடிப்பில் அவளைப் படத்திலும் பார்த்தார். வர்ணனையும் படமும் சேர்ந்துதான் அந்த வாரத்துக் காட்சி. புத்தகமாகும்போது பெரும்பாலான பதிப்புகளில் ஓவியங்கள் உதிர்ந்துவிட்டன. வர்ணனை மட்டும் துணையிழந்து நிற்கிறது, நீளமாகவும் தெரிகிறது. கல்கியின் சோழர்களை மணியம் வரைந்த முகங்களோடும், சுஜாதாவின் கணேஷையும் வசந்தையும் ஜெயராஜின் கோடுகளோடும் சேர்த்தே ஒரு தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. அந்த எழுத்தாளர்களின் பாத்திரப் படைப்பு கண்முன் நிற்கிறது என்று மூத்த வாசகர்கள் புகழும்போது, அந்தப் புகழில் ஓவியருக்கும் பங்கு உண்டு என்பது சொல்லப்படாமலே போகிறது. வார இதழ்களிலிருந்து தொடர்ப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் படித்ததும், இன்று அச்சுப் புத்தகம் வாங்குகிறவர் படிப்பதும் ஒரே எழுத்தாக இருந்தாலும் ஒரே பண்டம் அல்ல. அதற்காகச் சாண்டில்யனின் பெண் வர்ணனைகளில் கதைக்குத் தேவையற்றவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓவியம் கூட இருந்தாலும் சில இடங்கள் அலுப்பூட்டத்தான் செய்யும். அவருடைய பலம் கடற்போரிலும் வியூகங்களிலும் இருக்கிறது, அங்கே நீளம் குறையாகத் தெரிவதில்லை.

மாத நாவல் வேறு உலகம். ராணி முத்து, மாலைமதி, க்ரைம் நாவல் என்று பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தச் சிறு புத்தகங்களுக்கு இட்ட கட்டளை தெளிவானது: மலிவு விலை, நூறு பக்கத்தை ஒட்டிய அளவு, ஒரு பயணத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அடுத்த வாரம் என்ற ஒன்று இல்லை. ஆகவே வாசகரை ஏழு நாள் காக்கவைக்கும் கலை இங்கே பயன்படாது. இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை எடுக்கவிடாத கலை வேண்டும். கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார் இதற்குக் கண்ட வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை ஓர் அத்தியாயம் அது, ஓர் அத்தியாயம் இது என்று மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் முடிச்சுப் போடுவது. ஒன்று உச்சத்தில் நிற்கும்போது மற்றது தொடங்கும். வாரத் தொடர் ஒரு வாரத்தைக் கொண்டு செய்ததை அவர் அடுத்த அத்தியாயத்தைக் கொண்டே செய்துவிட்டார். விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் மாதாமாதம் திரும்ப வருவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். நூறு பக்கக் கதையில் துப்பறிபவரை அறிமுகப்படுத்தப் பத்துப் பக்கம் செலவழிக்க முடியாது. வாசகருக்கு முன்பே தெரிந்த ஆள் என்றால் முதல் பக்கத்திலேயே பிணத்தைக் கிடத்திவிடலாம். இப்படி 1,500-க்கும் அதிகமான நாவல்களை எழுதிய ஒருவரின் கதை மறுவாரம் நினைவில் நிற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். நினைவில் நிற்பதாக அந்தக் கதை வாக்களிக்கவில்லை. பயணத்தைக் கடத்துவதாக வாக்களித்து அதைக் காப்பாற்றியது.

ரமணிசந்திரன் மீதான புகாருக்கு இதைவிடச் சுவையான பதில் இருக்கிறது. கர்வமுள்ள பணக்கார இளைஞன், தன்மானமுள்ள பெண், நடுவே ஒரு தவறான புரிதல், கல்யாணத்தில் முடியும் சமாதானம்: கதை இதைத் தாண்டிப் போவது அரிது. இதைக் குறையாகச் சொல்பவர்களிலேயே பலர் அவருடைய நாவல்களை வாடகை நூலகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்தவர்கள். ஏமாற்றாது என்பதுதான் அந்த நூலக அலமாரியின் ஈர்ப்பு. அடுத்ததும் இதே போல இருக்கும் என்ற உறுதியோடு எடுக்கப்படும் புத்தகத்தில், திருப்பங்கள் என்ன என்பதைவிட அவை எப்படி வருகின்றன என்பதிலேயே வாசகர் கவனம் இருக்கும். கோபத்தில் பேசிய ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எத்தனை பக்கம் கழித்து மன்னிப்பு வருகிறது, அதை யார் முதலில் கேட்கிறார்கள் என்பதில்தான் ஒரு நாவலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அவருடைய தேர்ந்த வாசகிகள் எது நல்ல ரமணிசந்திரன், எது சுமார் என்று தயங்காமல் தரம் பிரிப்பது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், வரவேண்டும். வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், ஒரே வார இதழில் எழுதிய எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டுமே? குமுதத்தில்தான் சாண்டில்யன் எழுதினார், அதே குமுதத்தில்தான் 1968-இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தது. ஒருவர் வாக்கியத்தை அலை அலையாக விரித்தார். மற்றவர் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, மீதியை வாசகரை ஊகிக்கவிட்டார். இதைவிடப் பெரிய சான்றும் உண்டு. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்ததுதான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அலறல் வைக்காமலே அது வாசகரை இழுத்துப் பிடித்தது, இலக்கியம் என்ற பெயரையும் பெற்றது. இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மைப்படுத்துகிறது. வடிவம் போடுவது கணக்கை மட்டும்தான். இந்த வாரம் படித்தவரை அடுத்த வாரமும் வரவழை என்பது அந்தக் கணக்கு. சாண்டில்யன் அதைக் காட்சியின் செழிப்பால் தீர்த்தார். சுஜாதா வேகத்தாலும் குறும்பாலும் தீர்த்தார். ஜானகிராமன் கதாநாயகன் பாபுவின் மனத்தில் என்ன நடக்கிறது என்ற ஒன்றை வைத்தே தீர்த்தார். ஆக எழுத்தாளரின் திறமையை ஒப்பிட நியாயமான இடம், ஒரே கணக்கைக் கையாண்டவர்களுக்கு நடுவேதான். சாண்டில்யனையும் ராஜேஷ்குமாரையும் பக்கத்தில் வைத்து யார் விறுவிறுப்பு என்று கேட்பது மாட்டு வண்டியையும் மோட்டாரையும் வேகத்துக்கு ஒப்பிடுவதுதான்.

சுஜாதாவின் முடிவுகளை இந்த உரைகல்லில் தேய்த்தால், குறை முழுவதும் வடிவத்தின் மேல் ஏறாது. மர்மத் தொடரில் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு சந்தேகத்தை விதைக்க வேண்டும். எல்லாவற்றையும் அறுவடை செய்யக் கடைசி வாரத்துக்கும் அதே அளவு பக்கம்தான். இந்த நெருக்கடி உண்மை. பெங்களூரில் முழுநேரப் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டு, ஒரே சமயத்தில் பல இதழ்களுக்குத் தொடர் எழுதியவர் என்பதும் உண்மை. ஆனால் தொடர் நூலாகும்போது அந்த நெருக்கடி விலகிவிடுகிறது. கடைசி அத்தியாயத்தைப் பிரித்து விரித்து எழுத யாரும் தடுக்கவில்லை. வடிவத்தைக் காட்டி எழுத்தாளரை விடுவித்துவிடுகிறீர்கள் என்ற இரண்டாவது ஆட்சேபத்துக்கு என் பதில் இதுவே. தொடரில் இருக்கும் குறைக்கு வடிவம் பொறுப்பு ஏற்கலாம். அதே குறை நூலிலும் அப்படியே இருந்தால் எழுதியவரும் பதிப்பாளரும் பொறுப்பு. தமிழில் தொடரைத் திருத்தி நூலாக்கும் வழக்கம் வேரூன்றவே இல்லை. இதழில் வந்த பக்கங்களை அப்படியே அச்சுக் கோத்து அட்டை போட்டார்கள், விற்றது, அதோடு சரி. முந்தைய வாரச் சுருக்கங்களும், ஒரே பாத்திரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்ட விவரங்களும்கூடத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வாசகர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவர்கள் குற்றம் காண்பதாக நினைக்கக் கூடாது. பதிப்பாசிரியர் செய்திருக்கவேண்டிய வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபம் இலக்கிய விமர்சகர்களுடையது, பழையது. க.நா. சுப்ரமண்யம் போன்றவர்கள் கல்கியின் எழுத்தை இலக்கியமாக ஏற்க மறுத்ததில் தொடங்கி, பலர் படிக்கிறார்கள் என்பது தரத்துக்குச் சான்றாகாது என்ற வாதம் தமிழில் பலமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் எனக்குச் சச்சரவு இல்லை. எண்ணிக்கை தரத்தைக் காட்டாது. ஆனால் வாசகர் கருத்து என்பது எண்ணிக்கை மட்டும் அல்ல. எந்த இடத்தில் கதை கைவிட்டது, எந்தப் பாத்திரம் உண்மையாக இருந்தது, எது நம்பும்படி இல்லை என்று அனுபவத்தைச் சொல்லும் வாக்குமூலம் அது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது விமர்சகரின் வேலை. வாக்குமூலத்தையே வாங்க மறுத்தால் தீர்ப்பு காற்றில் நிற்கும். இந்த வாக்குமூலத்தில் ஒரு பிசகு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதில் படித்த நாவலைப் பற்றி ஐம்பது வயதில் பேசும்போது பலர் நாவலைப் பற்றிப் பேசுவதில்லை, தங்கள் பதினைந்து வயதைப் பற்றிப் பேசுகிறார்கள். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்துவிட்டுக் குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அந்தப் பெயர் வைத்தவர்கள் நாவலை மறுபடி எடுத்து இன்று படித்தால் அதே மனநிலை வாய்க்குமா என்பது சந்தேகமே. கருத்தை மதிப்பது என்றால் அது பிறந்த வயதையும் சேர்த்துக் கேட்பதுதான்.

மணிரத்னம் 2022-இலும் 2023-இலும் 'பொன்னியின் செல்வ'னை இரண்டு படங்களாக எடுத்தபோது, அத்தனை பாத்திரங்களையும் சம்பவங்களையும் ஆறு மணி நேரத்துக்குள் அடக்கவேண்டி வந்தது. விட்டுப்போனவற்றைப் பட்டியலிட்டுச் சண்டை போட்டவர்கள் ஒரு பக்கம்; நாவலே இப்போதுதான் புரிந்தது என்றவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் கல்கியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூன்றரை ஆண்டு என்ற அளவையும் ஆறு மணி நேரம் என்ற அளவையும் பற்றியே பேசினார்கள். இப்போது ஒலிநூல் வந்திருக்கிறது. அலுவலகம் போகும்போது அரை மணி, திரும்பும்போது அரை மணி என்று காதில் கேட்பவருக்கு, நேற்று எங்கே விட்டோம் என்று நினைவூட்டும் அந்த இரண்டு வரி மறுபடியும் தேவைப்படுகிறது. வண்டியை விட்டு இறங்கும் நேரத்தில் வரும் அலறலும் பழைய வேலையைச் செய்கிறது. அச்சுப் புத்தகத்தில் வளவளப்பு என்று ஒதுக்கப்பட்ட பகுதிகள் காதுக்கு உறுத்தவில்லை. கல்கியை நீளம் என்று சொல்பவர்கள், சாண்டில்யனைத் தாண்டிப் படிப்பவர்கள், தங்கள் கருத்தைச் சோதித்துப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஓவியங்கள், துணுக்குகள், அன்றைய தலைவலி மருந்து விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, அடுத்ததை ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்க்கலாம்.